சளிச்சவ்வு கிருமியை எப்படித் தடுக்கிறது? மூக்கு கழுவுவது அதற்கு உதவியா, இடைஞ்சலா?

பொருநை:
கிராம சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு நோய்த்தடுப்பு பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். தோல் கிருமியைத் தடுக்கும் என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் மூக்கு, வாய், கண், குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிச்சவ்வு மெல்லியது, வெதுவெதுப்பானது, எந்நேரமும் ஈரமானது. கிருமிக்கு இதைவிட வசதியான இடம் ஏது? அப்படியிருக்க அது எப்படிக் காவல் காக்கிறது?

வகுப்பில் கட்டாயம் வரப்போகும் கேள்விகளும் சில இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவலாமா? ஆவி பிடித்தால் கிருமி சாகுமா? பச்சைச் சளி வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டுமா? அளவோடும் காரணத்தோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுண்ணோக்கி:
உங்கள் சந்தேகம் நியாயமானது. தோலைப் போல இறந்த செல்களை அடுக்கிக் கெட்டியாக்கினால் நுரையீரலுக்குள் பிராணவாயு போகாது, குடலுக்குள் சத்து இறங்காது. அதனால் சளிச்சவ்வு வேறு வழியில் வேலை செய்கிறது. ஒட்டும் படலம் ஒன்றைச் சுரந்து, கிருமியை அதில் சிக்கவைத்து, சிக்கியதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அங்கே ஈரம் உண்டு, ஆனால் அது தேங்கி நிற்பதில்லை. வகுப்பில் இதை மட்டும் ஆழமாகப் பதியவைத்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மூக்கையும் மூச்சுக்குழாயையும் எடுத்துக்கொள்வோம். சளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் முக்கியமானது மியூசின் என்ற சர்க்கரை ஒட்டிய புரதம். கோப்பை வடிவ செல்களும் சவ்வுக்கு அடியிலுள்ள சுரப்பிகளும் இதைச் சுரக்கின்றன. படலம் இரண்டு தளமாக இருக்கும். மேலே பிசுபிசுப்பான தளம், அதன் கீழே சுமார் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரத்துக்கு நீர்த்த தளம். இந்த நீர்த்த தளத்துக்குள்தான் சிலியா எனும் நுண்மயிர்கள் அசைகின்றன. ஒரு செல்லில் ஏறத்தாழ 200 சிலியா, நொடிக்கு 10 முதல் 15 வீச்சு. அவற்றின் நுனி மேல் தளத்தைத் தொட்டு இழுக்கும். மூக்கில் படலம் நிமிடத்துக்கு 5 மி.மீ. அளவில் பின்னோக்கித் தொண்டைக்குப் போகிறது. மூச்சுக்குழாயில் கீழிருந்து மேலே தொண்டைக்கு வருகிறது. இரண்டையும் அறியாமலே விழுங்கிவிடுகிறோம், மிச்சத்தை இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்கிறது.

வாசலில் தண்ணீர் தெளித்தால் புழுதி படிவதுபோல, 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலேயே படிந்துவிடும். அதைவிடச் சிறியவை மூச்சுக்குழாய்க் கிளைகளில் ஒட்டும். இன்னும் நுண்ணியவை நுரையீரலின் கடைசியில் உள்ள காற்றறை வரை போகும். அங்கே சிலியா கிடையாது. மேக்ரோபேஜ் செல்கள்தான் விழுங்கி அழிக்கின்றன. காசநோய்க் கிருமி காற்றறையைப் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியால்தான். வந்து சேரும் துளி அவ்வளவு நுண்ணியது, விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே கிருமி பிழைத்தும் கொள்கிறது.

படலத்துக்குள் இரசாயன ஆயுதங்களும் உண்டு. லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை வெட்டும். கண்ணீர், எச்சில், மூக்குச்சளி மூன்றிலும் இருக்கிறது. பெனிசிலினுக்கு முன்பே, 1922-இல் அலெக்சாண்டர் பிளெமிங் இதை மூக்குச்சளியில் கண்டு வெளியிட்டார். லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு இல்லாமல் பெரும்பாலான பாக்டீரியா பெருகாது. கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் கிருமியின் மேல் ஒட்டி, அது செல்லைத் தொடவிடாமல் செய்துவிடும்.

வாய், உணவுக்குழாய், பிறப்புவழி ஆகிய இடங்களில் உராய்வு அதிகம். அங்கே சவ்வு பல அடுக்காக இருக்கும். மேலடுக்கு உதிரும்போது ஒட்டியிருந்த கிருமியும் கூடவே போய்விடும். குடலின் செல்கள் 3 முதல் 5 நாளில் முழுதாகப் புதுப்பிக்கப்படுகின்றன.

கிருமி எப்படி உடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வகுப்பு கலகலப்பாகும். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேலிருக்கும் நியூராமினிடேஸ் என்ற நொதி, மியூசினின் சர்க்கரை நுனியை வெட்டி வழி பண்ணிக்கொள்கிறது. காலரா கிருமி வால் சுழற்றி நீந்துவதோடு மியூசினைக் கரைக்கும் நொதியையும் வைத்திருக்கிறது. ஃப்ளூ வந்துபோன பின் சிலியா உள்ள செல்கள் கொத்துக்கொத்தாக உதிர்ந்திருக்கும். திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சல் விட்ட பிறகு சிலருக்கு நியூமோனியா பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். பீடி, சிகரெட் புகையும் சிலியாவை முடக்கும். புகையை விட்ட முதல் சில வாரங்களில் இருமல் கூடினால் பயப்பட வேண்டாம், துடைப்பு வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது.

செவிப்பறை:
நுண்ணோக்கி சொன்ன ஓட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு மூக்குக் கேள்விகளுக்கு வருகிறேன்.

மூக்கு கழுவலாம். ஒவ்வாமை, சைனஸ் தொந்தரவு, தூசியில் வேலை உள்ளவர்களுக்கு நல்ல பலன் தரும். கெட்டித்துப்போன சளியை இளக்கி சிலியாவின் சுமையைக் குறைக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லாதவர் தினமும் கழுவத் தேவையில்லை.

அளவு: 250 மி.லி. தண்ணீருக்கு 2.25 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. அயோடின் சேர்க்காத, சுத்தமான பொடி உப்பு வேண்டும். அயோடின் உப்பு சிலருக்கு எரியும். மளிகைக் கடைக் கல் உப்பில் மண் இருக்கும், வேண்டாம். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்பே இல்லாத வெறும் தண்ணீர் செல்லுக்குள் ஊறி வீங்கவைக்கும், அதனால்தான் குளத்தில் மூக்கில் தண்ணீர் ஏறினால் சுரீரென்கிறது. எடை போட வழியில்லை என்றால் மருந்துக்கடையில் விற்கும் 0.9 சதவீத சலைன் பாட்டிலே போதும்.

தண்ணீரைப் பற்றி விட்டுக்கொடுக்கவே கூடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர்தான். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டரை ஒட்டியும் தாண்டியும் உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் குடிக்கத்தான். அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கின் உச்சியில் வாசனை நரம்பு இருக்கும் சவ்வு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும், பிழைப்பவர் மிகச் சிலர். கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் நோயாளிகள் வந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள்.

செய்முறை: வாஷ்பேசின் மேல் குனிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். வாயால் மூச்சு விட்டபடி, மேல் நாசியில் மெதுவாக விட்டால் கீழ் நாசி வழியாக வரும். அழுத்திப் பீச்சினால் காதுக்குழாய்க்குள் ஏறி காது அடைக்கும். முடிந்தபின் இரண்டு நாசியையும் திறந்து வைத்தே லேசாகச் சிந்துங்கள். ஒன்றைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்துவது சளியை சைனஸுக்குள் ஏற்றும். பாத்திரத்தைக் கழுவிக் காயவைக்க வேண்டும். மூக்கு இரு பக்கமும் முழுக்க அடைத்திருக்கும்போதும், காதில் வலியோ சீழோ இருக்கும்போதும் கழுவக் கூடாது.

ஆவி: மூக்கடைப்பு சற்று நேரம் தளர்ந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். சவ்வு தாங்கும் எந்தச் சூடும் வைரஸைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லுங்கள்.

பச்சைச் சளி: அந்த நிறம் நம்முடைய வெள்ளையணுக்களில் உள்ள இரும்பு கலந்த நொதியால் வருகிறது. சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள் வாக்கில் பச்சையாகும். நிறத்தை விட்டுவிட்டு நாளைக் கணக்கிடுங்கள். 10 நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென்று கூடுகிறது, அல்லது 102 டிகிரி காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் மூன்று நான்கு நாள் தொடர்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து: சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைகளை அதிகபட்சம் ஐந்து நாள். இரத்தக்குழாயைச் சுருக்கித்தான் அவை அடைப்பை நீக்குகின்றன. தொடர்ந்து விட்டால் மருந்து இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும், திரும்ப விடச் சொல்லும். மாதக்கணக்கில் இதிலேயே சிக்கிக்கொள்பவர்கள் நிறைய.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிராமத்து வகுப்பில் இதுதான் முதலில் வர வேண்டும். எண்ணெய்க் குளியலின்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் பல நேரம் இருமல்கூட வராது, சிலியாவால் அதை மேலே ஏற்றவும் முடியாது. நுரையீரலில் தங்கி எண்ணெய் நியூமோனியாவை உண்டாக்கும். ஊதும்போது பெரியவர் வாய்க்கிருமி நேரே குழந்தைக்குப் போகிறது. பால் குடிக்க முடியாதபடி அடைத்திருந்தால் சலைன் சொட்டு ஒன்றிரண்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மெல்லிய துணித் திரியால் வெளிவிளிம்பை மட்டும் துடைத்தால் போதும்.

அரைமாத்திரை:
மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

இரைப்பைச் சாற்றின் பி.எச்., அதாவது அமில அளவு, 1.5 முதல் 3.5 வரை (7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அந்த அமிலம் தன் சுவரையே அரிக்காமல் இருப்பது, பைகார்பனேட் கலந்த சளிப்படலம் செல்லை ஒட்டிய இடத்தைக் கிட்டத்தட்ட நடுநிலையில் வைத்திருப்பதால்தான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள், இந்தப் படலத்தைச் சுரக்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. அது குறைந்தால் சளியும் பைகார்பனேட்டும் குறையும். "ஊசியாகப் போட்டால் வயிற்றைப் புண்ணாக்காது" என்று பலர் நம்புகிறார்கள். தவறு. இரத்தம் வழியாகப் போனாலும் இதே வேலைதான் நடக்கும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி யூரியேஸ் நொதியால் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு, அதே சளிக்குள் குடியிருக்கிறது. அல்சருக்கு இந்தக் கிருமிதான் முக்கியக் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அசிடிட்டி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு வயிற்றுப்போக்குக் கிருமிகள் தாக்கும் வாய்ப்பு கூடுகிறது. அமிலமும் காவலில் ஒரு பங்குதானே. குளோர்ஃபெனிரமைன் போன்ற பழைய ஜலதோஷ மாத்திரைகள் மூக்கு ஒழுகலை நிறுத்தும், கூடவே எச்சிலையும் கண்ணீரையும் வற்றவைக்கும். வயதானவர்களுக்கு வாய்ப்புண்ணும் சொத்தைப் பல்லும் வர இது ஒரு வழி. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியைச் சொல்லப்பட்ட அளவில் இரண்டு வாரத்துக்குமேல் தொடர வேண்டாம். பல்லில் கறை படியும், சுவை மாறும்.

பெண்களிடம் தனியாகப் பேச வாய்ப்பிருந்தால் இதைச் சொல்லுங்கள். பிறப்புவழியின் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து பி.எச்.-ஐ 3.8 முதல் 4.5-க்குள் வைத்திருக்கிறது. உள்ளே சோப்போ வாசனைத் திரவமோ டெட்டால் கலந்த தண்ணீரோ விட்டுக் கழுவினால் அந்த நல்ல பாக்டீரியா அழிந்து தொற்று வரும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

ஆறாம்வாரம்:
எல்லோரும் சளியையே பேசிவிட்டீர்கள், ஐஜிஏ-வை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும். உடம்பு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் ஐஜிஏ தயாரிக்கிறது. மற்ற எல்லா வகை எதிர்ப்பொருளையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. அதில் பெரும்பகுதி சவ்வுகளின் மேல்தான் போய்ச் சேர்கிறது. சிறுகுடலில் பேயர் திட்டுகள் என்ற நிணத்திசு, அதாவது நோய்த்தடுப்புச் செல்கள் குவிந்த திசு, இருக்கிறது. அதன் மேலுள்ள எம் செல்கள் கிருமியின் மாதிரியை உள்ளே எடுத்துக் கொடுக்க, பயிற்சி பெற்ற பி செல்கள் (எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளையணுக்கள்) இரத்தம் வழியே போய் குடல், மூச்சுக்குழாய், தாயின் மார்பகம் எனப் பல இடங்களில் குடியேறுகின்றன. தாயின் குடல் சந்தித்த கிருமிக்கு எதிரான ஐஜிஏ பாலில் வந்து குழந்தையின் குடலைப் பூசுவது இப்படித்தான். சீம்பாலில் இது மிக அடர்த்தி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை வேறெதுவும் இல்லை. சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீரும், தேனும் இந்தப் பூச்சுக்கு முன்னால் கிருமியைக் கொண்டு வந்து வைக்கின்றன.

ஊசி மருந்துக்கும் சொட்டு மருந்துக்கும் சவ்வு மட்டத்தில் என்ன வேறுபாடு என்பதற்கு போலியோவைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும், குழந்தைக்கு வாதம் வராது. ஆனால் வைரஸ் குடலில் பெருகி மலத்தில் வெளியேறுவதை அது பெரிதாகத் தடுக்காது. வாய்வழிச் சொட்டு குடல் சவ்விலேயே ஐஜிஏ-வை எழுப்பும், பரவலையே வெட்டும். இஸ்ரேல் 2005 முதல் ஊசி மட்டுமே போட்டுவந்தது. 2013-இல் அங்கே சாக்கடை நீரில் காட்டு போலியோ வைரஸ் (சொட்டு மருந்திலிருந்து வராத, இயற்கையாகப் பரவும் வகை) கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவருக்கும் வாதம் இல்லை, ஆனால் வைரஸ் குடலிலிருந்து குடலுக்கு ஊர்சுற்றிக்கொண்டிருந்தது. உடனே குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்தியாவில் கடைசி காட்டு போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சொட்டு கொடுத்ததன் பலன் அது. ரோட்டா வைரஸ் மருந்தும் 6, 10, 14 வாரங்களில் வாய்வழியாகவே தரப்படுகிறது.

வைட்டமின் ஏ-யை யாரும் தொடவில்லையே. அது குறைந்தால் கோப்பை செல்கள் மறைந்து, சவ்வு தோல்போலக் காய்ந்து கெட்டியாகும். கண் வெள்ளையில் நுரை போன்ற பிட்டாட் திட்டு நமக்குத் தெரியும் அடையாளம். அதே சேதம் மூச்சுக்குழாயிலும் குடலிலும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். தடுப்பூசி அட்டவணைப்படி 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட், ஐந்து வயதுக்குள் மொத்தம் 9 தவணை. கூடக் கொடுத்தால் நஞ்சு, ஆகவே அட்டையில் பதிவு பார்க்காமல் கொடுக்கக் கூடாது. தட்டம்மை வந்த பிள்ளைக்குத் தனிக் கணக்கு: அடுத்தடுத்த இரண்டு நாள், ஒரு வயது ஆகியிருந்தால் நாளுக்கு 2 லட்சம், 6 முதல் 11 மாதத்துக்கு 1 லட்சம், அதற்கும் கீழே 50,000. இது டாக்டர் வழியாகத்தான். உணவில் முருங்கைக்கீரை, பரங்கி, பப்பாளி, முட்டை. கீரையை எண்ணெய் விட்டுத் தாளித்துக் கொடுத்தால்தான் சத்து நன்றாக உறிஞ்சப்படும்.

பொருநை:
எல்லோருக்கும் நன்றி, ஒரு மணி நேரம் போதாது போலிருக்கிறது. மூன்று சந்தேகம். குடல் சவ்வின் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று படித்திருக்கிறேன், சொல்லலாமா? நாய் நக்கினால் ஒன்றுமில்லை என்கிறார்களே, முகத்தில் நக்கினால்? குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாட்கணக்கில் சளி ஒழுகினால் என்ன பொருள்?

நுண்ணோக்கி:
டென்னிஸ் மைதானம் பழைய கணக்கு. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் அளந்து வெளியிட்டது சுமார் 32 சதுர மீட்டர். அதுவே தோலின் 2 சதுர மீட்டரைப் போலப் பதினாறு மடங்கு. அதையே சொல்லுங்கள்.

வார்டுவிளக்கு:
நாய் விஷயத்தில் சவ்வு, தோல் வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. காயமில்லாத தோலை நக்கினால் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. கண், வாய், மூக்குச் சவ்வில் நாயின் எச்சில் பட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி அது மூன்றாம் வகை, இரத்தம் வரக் கடித்ததற்குச் சமம். ரேபிஸ் வைரஸ் முழுத்தோலை ஊடுருவாது, சவ்வை ஊடுருவும். உடனே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கண்ணுக்குள் சோப்பு போடக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யும் தயார் எதிர்ப்பொருள்) கேட்க வேண்டும். நக்கியதுதானே என்று திருப்பி அனுப்பினால், "கண்ணில் எச்சில் பட்டது" என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பிரசவம் பார்க்கும்போது, காயம் கட்டும்போது இரத்தம் கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் இதே தர்க்கம்தான். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமலே முதலில் தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, பிறகு கழற்றி மறுபடி கழுவ வேண்டும். வாய் என்றால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று உடனே கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை, தொடங்கினால் 28 நாள்.

செவிப்பறை:
ஜலதோஷமும் ஒவ்வாமையும் பொதுவாக இரண்டு மூக்கிலும் வரும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறது, அதுவும் நாற்றத்தோடு என்றால், வேறென்று நிரூபிக்கும் வரை உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி, ஸ்பாஞ்சுத் துண்டு எல்லாம் வரும். வீட்டில் கொண்டை ஊசியோ பட்ஸோ விட்டு எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும், மூச்சுக்குழாயில் விழவும் கூடும். பட்டாணி, கொட்டை வகைகள் ஈரத்தில் ஊறிப் பருக்கும், அதனால் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது.

பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் வரும் பட்டன் பேட்டரிதான் மிகவும் ஆபத்து. சவ்வின் ஈரம் பட்டதும் மின்னோட்டம் ஓடிக் காரம் உண்டாகி, சில மணி நேரத்திலேயே திசுவை வேகவைத்துவிடும். நடுச்சுவரில் ஓட்டை விழும். சலைன் சொட்டுகூட விடக் கூடாது, அது மின்னோட்டத்துக்கு வழி கொடுக்கும். கறுப்பு நிறத்தில் ஒழுகினாலோ பொம்மையின் பேட்டரியைக் காணவில்லை என்றாலோ, இரவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அப்போதே கொண்டுபோகச் சொல்லுங்கள்.